காந்தச் சேற்றை நக்கிய ஆடுகள்

ஆட்டுக்கு ஊசி போடுகிறவனே, என் கிடாயைக் கொன்றது நீ. கொன்றுவிட்டு, பழியைத் தூக்கி வேறொரு மனிதர் மேல் போட்டதும் நீ. அந்த மனிதரின் கையை உடைத்தது நான். என் பங்கை நான் மறைக்கப்போவதில்லை. உன் பங்கை நீ மறைத்துக்கொண்டு இன்னும் பைக்கில் தெருத் தெருவாகப் போகிறாய். அந்த மனிதரோ விஷம் வைத்தவன் என்ற பெயரோடு வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பெயர் போக வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

உன்னை எட்டு வருஷம் "சார்" என்று கூப்பிட்டேன். இனிமேல் கூப்பிட மாட்டேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விருத்தாசலம் செராமிக் பேட்டைக்குப் பின்பக்கம் எங்கள் ஊர். பேட்டையில் ஒரு சின்ன பொம்மை யூனிட்டில் எனக்குப் பிசிறு எடுக்கிற வேலை. மோல்டிலிருந்து பிரித்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையில் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு நிற்கும். அதைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து சூளைக்கு அனுப்ப வேண்டும். பதினாலு வருஷமாகப் பிள்ளையாருக்கும் கிருஷ்ணனுக்கும் விலா சீவுகிறேன். வீட்டில் ஒன்பது ஆடுகள் வைத்திருந்தேன். எட்டு பெட்டை, ஒரு கிடாய்.

அடிபட்டவர் எங்கள் யூனிட்டில் பால் மில் என்கிற அரைவை உருளையை ஓட்டியவர். நல்லூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருவார். களிமண்ணையும் கல்தூளையும் தண்ணீர் விட்டு அந்த மில்லில் போட்டால் உருண்டு உருண்டு கூழாகிவிடும். அந்தக் கூழில் இரும்புத் தூள் கலந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. சூளையிலிருந்து எடுக்கும்போதுதான் வெள்ளைப் பொம்மையின் கன்னத்தில் கரும்புள்ளியாக வந்து நிற்கும். அதனால் அவர் கூழைக் காந்தங்கள் பதித்த தொட்டி வழியாக ஓடவிடுவார். காந்தத்தில் இரும்பு கறுப்பாக, மயிர் மாதிரி ஒட்டிக்கொள்ளும். விரலால் வழித்துக் கழுவி, அந்தச் சேற்றை யூனிட்டுக்குப் பின்னால் கொட்டுவார். வருஷக்கணக்காகக் கொட்டி, அங்கே துருப்பிடித்த நிறத்தில் ஒரு மேடு உண்டாகியிருந்தது.

போன மழைக்காலத்தில் என் ஆடுகள் அந்த மேட்டை நக்க ஆரம்பித்தன. பக்கத்தில் வெள்ளைக் களியும் உடைந்த பச்சைப் பொம்மைகளும் குவிந்து கிடக்கும். அதையும் கடிக்கும். ஆனால் என் வீட்டுக்கும் யூனிட்டுக்கும் நடுவே இருக்கிற வேலியைத் தாண்டியதும் நேராக ஓடுவது துருச் சேற்றுக்குத்தான். முட்டி போட்டுக்கொண்டு நக்கும். நாக்கும் மூக்கும் சிவந்து போய் வீட்டுக்கு வரும்.

"ஏன் தங்கச்சி, உன் ஆட்டுக்கெல்லாம் வூட்ல ஒண்ணுமே போட மாட்டியா?" என்று டீ குடிக்கிற நேரத்தில் எல்லோர் முன்னாலும் கேட்பார் அவர். "இந்தப் பேட்டையில எந்த ஓனரும் இவ்ளோ மண்ணத் தின்னதில்ல."

"நீ மூடி வெச்சிக் கொட்டுண்ணே. கண்ட எடத்துல கொட்டிட்டு என் ஆட்டச் சொல்லாத."

"நானு மூடி வெக்கணுமா? ஒரு நாளு வெஷத்தக் கலந்து வெக்கிறேன் பாரு. அப்பறம் ஆடும் வராது, நீயும் வர மாட்ட."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சாது கிடையாது. சேற்றுக் கட்டியை எடுத்து ஆட்டின் மேல் வீசுவார். ஒரு தடவை சினை ஆட்டின் வயிற்றில் பட்டது. நான் கத்தியோடு எழுந்து போய் அவர் சட்டையைப் பிடித்தேன். அன்றைக்கு மற்றவர்கள் வந்து பிரித்துவிட்டார்கள். இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் அவரே டீ வாங்கிக் கொடுத்தார்.

போன ஐப்பசியில் மழை விடாமல் பிடித்தது. ஆற்றங்கரையில் புல் கொழுத்து நின்றது. எட்டு மணிக்கு நான் யூனிட்டில் இருக்க வேண்டும். அதனால் விடிந்ததும் விடியாததுமாக ஆடுகளை அவிழ்த்துவிட்டு, பனி சொட்டுகிற புல்லிலேயே மேய்த்துக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிடுவேன். பச்சையாக வயிறு நிறையத் தின்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

ஒரு மாசத்தில் ஆடுகள் இளைத்தன. மயிர் பிடுங்கினால் கையோடு வந்தது. ஒரு பெட்டைக்குத் தாடைக்குக் கீழே வீங்கியது. தண்ணீர் பாக்கெட்டைக் கட்டித் தொங்கவிட்டது மாதிரி இருக்கும், அமுக்கினால் குழி விழும். உனக்குப் போன் போட்டேன். நீ வந்தாய். ஆட்டின் கீழிமையை விரலால் இழுத்துக் காட்டினாய். உள்ளே எங்கள் யூனிட்டுக் களி மாதிரி வெள்ளையாக இருந்தது.

"பாருக்கா, சொட்டு ரத்தம் இல்ல. ரத்த ஊசி போட்டாதான் நிக்கும்."

"வயித்துல பூச்சி எதுனா இருக்குமா சார்?"

"புழுக்கையில பூச்சி வருதா?"

"வரல."

"அப்பறம் என்னா? நீ பொம்மைய சீவு, நான் ஊசி போடுறேன். ஆளாளுக்கு டாக்டரு ஆயிடாதீங்க."

டிகாக்‌ஷன் நிறத்தில் ஒரு மருந்து. ஒரே ஊசியால் எட்டுப் பெட்டைக்கும் குத்தினாய். ஒன்றின் கழுத்திலிருந்து உருவி அடுத்ததின் கழுத்தில் ஏற்றினாய். பத்து நாள் ஆடுகள் கொஞ்சம் தெளிந்தன. இமை லேசாகச் சிவந்தது. நான் உன்னைத் தெருவெல்லாம் புகழ்ந்தேன். அடுத்த பத்து நாளில் மறுபடி வெளுத்தது. மறுபடி வந்து குத்தினாய். மறுபடி தெளிந்து, மறுபடி வெளுத்தது. ஊசி போட்ட இடத்தில் இரண்டு ஆட்டுக்குக் கட்டி கிளம்பியது. பிசிறு எடுக்கிற கத்தியை நெருப்பில் காட்டி நானே கீறிவிட்டேன். சீழ் என் முகத்தில் அடித்தது. ஆடு கதறிய கதறலில் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதது.

தாடை வீங்கிய பெட்டை செத்தது. நாலு நாள் விட்டு இன்னொன்று செத்தது. காலையில் போய்ப் பார்த்தால் காலை நீட்டிக்கொண்டு கிடக்கும், வாயில் துருச் சேறு காய்ந்திருக்கும். அந்தச் சேற்றை நீயும் பார்த்தாய். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். கிடாய்க்குப் பெரிதாகச் சீக்கு இல்லை, கொஞ்சம் மந்தமாக இருந்தது, அவ்வளவுதான். "இதுக்கும் ஒண்ணு சேத்துப் போட்டுடலாம்" என்றாய். கிடாய் திமிறியது. நான் கொம்பைப் பிடித்தேன். என் வீட்டுக்காரர் அதன் இடுப்பில் முட்டியை ஊன்றி அமுக்கினார். நீ கழுத்தில் குத்தினாய். அது உதறியது. ஊசி எங்கே இறங்கியது என்று நீ பார்க்கவில்லை. உருவி மறுபடி குத்தவும் இல்லை. இருந்த மருந்து அத்தனையையும் ஒரே அமுக்காக அமுக்கினாய்.

நீ ஊசியை வெளியே எடுத்து முடிக்கவில்லை. கிடாய் ஒரு சத்தம் போட்டது. ஆட்டுச் சத்தம் மாதிரியே இல்லை. நாலு காலும் கட்டை மாதிரி விறைத்தன. என் கையிலிருந்த கொம்பு பிய்த்துக்கொண்டு போனது. தரையில் விழுந்து தலையைக் கல்லில் அடித்தது. எங்களால் பிடிக்க முடியவில்லை. பின்னங்கால் குளம்பு என் முழங்காலுக்குக் கீழே சதையைக் கிழித்தது. மூக்கில் நுரை, மூத்திரம் தானாக ஓடியது, கண் மேலே செருகியது. அப்புறம் அசைவில்லை. எல்லாம் ஒரு டீ ஆற்றுகிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

ஊசியை அவசரமாகப் பைக்குள் திணித்தாய். நான் பார்த்தேன். நீ கிடாயைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த சேற்று மேட்டைப் பார்த்தாய்.

"மண்ணுல மருந்து இருக்குதுக்கா," என்றாய். "பொம்மைக்கு அடிக்கிற கலரு மருந்து. அது ரத்தத்துல ஏறிக் கெடக்குது. என் ஊசி போனதும் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதிக்கிச்சு."

என் வீட்டுக்காரர் கிடாயின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தார்.

"யாரு அத அங்க கொட்டுறது?" என்று கேட்டாய். உனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். "அவன் வெஷம் வெக்கிறேன்னு டீ குடிக்கிறப்ப சொன்னானாமே?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அப்பறம் என்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க? இத அறுக்காதீங்க. கறியத் தின்னா மனுசனும் போயிடுவான். உப்பு போட்டு ஆழமாப் பொதச்சிடுங்க." பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டாய்.

கிடாயைக் குழிக்குள் தள்ளி மண்ணை மூடினோம். மண்வெட்டியைக் கீழே வைத்ததும் நான் பேட்டைக்கு நடந்தேன். காலில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. பின்னால் என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் வந்தார்கள். அதற்குப் பின்னால் தெருவில் பாதி வந்தது. பொங்கல் ஆர்டர் நெருக்கியதால் ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் மில் ஓடிக்கொண்டிருந்தது. மில்காரர் தொட்டிக்குள் குனிந்து காந்தத்தை வழித்துக்கொண்டிருந்தார்.

"டேய்!" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "என்னா தங்கச்சி, லீவு நாள்ல? காலுல என்னா ரத்தம்?"

அலமாரியில் பிளாஸ்டர் மோல்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு பெரிய பிள்ளையாரின் பின்பக்க மோல்டு என் கைக்கு வந்தது. இரண்டு கையாலும் தூக்கி எறிந்தேன். அவர் தோளில் பட்டது. விழுந்தார். எழுந்திருக்க ஒரு கையைத் தொட்டி விளிம்பில் ஊன்றினார். முன்பக்க மோல்டை எடுத்து அந்தக் கை மேல் இறக்கினேன். பச்சைப் பொம்மை உடைந்தால் சத்தமே வராது, பொத்தென்று போகும். சுட்ட பொம்மை உடைந்தால் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டது.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மறுபடி தூக்கினேன். கூட வேலை செய்கிற ஒருத்தி என் இடுப்பைப் பிடித்து இழுத்ததால் அது தரையில் விழுந்து தெறித்தது. என் வீட்டுக்காரர் வந்து அவர் விலாவில் உதைத்தார். கொழுந்தன் அவர் முடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போய் சேற்று மேட்டில் முகத்தைத் தேய்த்தான்.

"தின்னுடா! என் அண்ணியோட ஆடு தின்னுச்சு இல்ல? நீயும் தின்னு!"

கை நிறைய அள்ளி வாயில் திணித்தான். அவர் இருமினார். துப்பினார். மறுபடி திணித்தான். சேறும் ரத்தமும் ஒரே நிறமாக இருந்தன. அதற்குள்ளும் அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். "தங்கச்சி, இது வெறும் இரும்பு தங்கச்சி. வெறும் இரும்புதான்."

"நடிக்கிறாம் பாரு," என்று யாரோ சொன்னார்கள். மூன்று நாலு பேர் செல்லில் படம் பிடித்தார்கள்.

ஓனர் வந்தார். போலீஸ் வந்தால் யூனிட்டைப் பூட்டுவார்கள் என்பதுதான் அவர் கவலை. ஆஸ்பத்திரியில் மில் பெல்ட்டில் கை மாட்டிக்கொண்டது என்று சொல்லச் சொன்னார். அடிபட்டவரும் அப்படியே சொன்னார். ஒரு வாரத்தில் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வீடியோ மட்டும் நிற்கவில்லை. "ஆட்டுக்கு விஷம் வைத்தவனுக்குக் கிடைத்த பரிசு" என்று போட்டு குரூப் குரூப்பாகப் போனது. கருவேப்பிலங்குறிச்சியில் இருக்கிற என் அத்தை போன் பண்ணி, "சபாஷ்டி, உடம்பொறந்தவன் இல்லாட்டியும் ஆம்பளையாட்டம் நின்ன," என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

ஜேசிபி வைத்து மேட்டை வாரி எடுத்துப் போனார்கள். இனிமேல் ஆடு சாகாது என்று நினைத்தேன். ஆடுகள் சுவரை நக்கின. செங்கல்லை நக்கின. கேட்டில் துரு உரிகிற இடத்தில் நாக்கு அறுபடும் வரை நக்கின. விஷ மேடு போய் மூன்று வாரம் கழித்து இன்னொரு பெட்டை தாடை வீங்கிச் செத்தது.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. அந்த மனிதர் வேறு எங்கேயோ ரகசியமாக வைக்கிறார் என்றே நினைத்தேன். அவர் மேல் கேஸ் போட்டு உள்ளே தள்ள வேண்டும், அதற்கு ஒரு பேப்பர் வேண்டும் என்று முடிவு செய்தேன். செத்த ஆட்டைச் சாக்கில் கட்டி, ஷேர் ஆட்டோக்காரனிடம் சண்டை போட்டு ஏற்றிக்கொண்டு, கவர்மெண்ட் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே டாக்டர் ஒரு பெண். சின்ன வயசு. சாப்பிட உட்கார்ந்தவர் டப்பாவை மூடிவிட்டு எழுந்து வந்தார்.

"வெஷம்னு எழுதிக் குடுங்க டாக்டரம்மா. கேஸு போடணும்."

"எழுதிட்டுப் பாக்கறதா, பாத்துட்டு எழுதறதா?" என்றார். கையுறை போட்டுக்கொண்டார்.

கழுத்திலிருந்து வயிறு வரை ஒரே இழுப்பில் கிழித்தார். விலா எலும்பைக் கத்தரியால் நறுக்கினார். ரத்தம் ரத்தமாகவே இல்லை. கறி கழுவிய தண்ணீர் மாதிரி ஓடியது. ஈரல் வெளுத்துக் கிடந்தது. நான் மூக்கைப் பொத்தவில்லை. விஷம் எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். குடல்களைத் தள்ளிவிட்டு, கடைசி வயிற்றை, நாலாவது வயிற்றை எடுத்துத் தட்டில் வைத்துப் பிளந்தார்.

"கிட்ட வாங்கம்மா."

உள்சுவர் முழுக்க நூல். சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல், ஊசி நீளத்துக்கு. எண்ண முடியாது. இவ்வளவு நூலை ஆடு எங்கே தின்றது என்று நினைத்தேன். அப்போது அது நெளிந்தது. ஆடு செத்துவிட்டது, அது சாகவில்லை. டாக்டர் கத்தியின் முதுகால் வழித்தார். வழித்த இடமெல்லாம் சிவப்புப் புள்ளியாக ரத்தம் கசிந்திருந்தது.

"உங்க வெஷம் இதுதான்," என்றார். "ரத்தம் குடிக்கிற புழு. இது ஒவ்வொண்ணும் தெனம் குடிச்சிருக்குது."

"புழுக்கையில ஒரு பூச்சியும் வரலியே!"

"வராது. இது உள்ளயே கடிச்சிக்கிட்டுக் கெடக்கும். முட்டைதான் வெளிய வரும். மைக்ராஸ்கோப்புல வெச்சாதான் தெரியும். நாலு புழுக்கைய ஒரு பேப்பர்ல மடிச்சி எடுத்துட்டு வந்திருந்தா அஞ்சு நிமிஷத்துல சொல்லியிருப்பேன்."

நாலு புழுக்கை. என் வாசலில் கூடை கூடையாகக் கிடந்தது.

எந்நேரம் மேய்க்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். மழைக்காலத்தில் பனிப் புல்லின் நுனியில் அதன் குஞ்சு ஏறி உட்கார்ந்திருக்கும், நீங்களே கொண்டுபோய்த் தின்ன விட்டிருக்கிறீர்கள் என்றார். வெயில் ஏறிய பிறகு அவிழ்க்க வேண்டுமாம். எனக்குச் செருப்பால் அடித்தது மாதிரி இருந்தது.

"அப்போ ரத்த ஊசி போட்டோமே?"

"ரத்த ஊசின்னு ஒண்ணு கெடையாதும்மா. அது இரும்புச் சத்து. ரத்தம் ஊறணும்னா இரும்பு வேணும். புழு குடிக்கிற ரத்தத்தோட ஆட்டு ஒடம்புல இருக்கிற இரும்பெல்லாம் போயிடுது. அந்தப் புழுவுக்கும் ரத்தத்துல இருக்கிற அந்தச் சிவப்புதான் வேணும். அதால சொந்தமாச் செஞ்சிக்க முடியாது. நீங்க இரும்பு ஏத்துனீங்க. ஆடு அத வெச்சி ரத்தம் பண்ணுச்சு. புழு குடிச்சிட்டுது. மறுபடி ஏத்துனீங்க. மறுபடி குடிச்சுது."

"புழுவுக்குத்தான் ஆக்கிப் போட்டனா?"

"அப்படித்தான் ஆயிடுச்சு. இரும்பு கெட்டது இல்ல. மொதல்ல புழுவ எடுக்கணும், அப்பறம் அளவாக் குடுக்கணும். யாரு ஊசி போட்டது?"

சொன்னேன். கிடாய் விழுந்ததையும் சொன்னேன். உன் காலி பாட்டில் ஒன்று வேலியோரம் கிடந்தது, விஷத்துக்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று அதையும் சாக்கில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். டாக்டர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். லேபிளில் பன்றிப் படம். எனக்கு அது வெறும் படம். அவர் முகம் மாறிவிட்டது.

"இது பன்னிக்குட்டிக்குப் போடுறது. அளவு பாக்காமப் போட்டாலோ, ரத்த நரம்புல வேகமா ஏறினாலோ அந்த எடத்துலயே விழுந்துடும். உங்க கெடா அப்படித்தான் செத்துச்சான்னு பாக்காம நான் எழுத முடியாது. ஒடம்பு எங்க?"

"பொதைக்கச் சொன்னாரு."

டாக்டர் பாட்டிலைக் கீழே வைத்தார். நான் கேட்டேன். "அப்போ அந்த மண்ணு? நாள் முழுக்க நக்குச்சே?"

"ரத்தம் கொறஞ்ச ஆடு மண்ணு திங்கும், செவுரு நக்கும், கல்ல நக்கும். இரும்பு வாசனை தெரிஞ்சிதான் அங்க போச்சுன்னு என்னால அடிச்சிச் சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு. மண்ணத் தின்னு உங்க ஆடு சீக்காவல. சீக்கானதாலதான் மண்ணத் தின்னுச்சு. யாரும் வெஷமெல்லாம் வெக்கல."

அந்த மனிதரை ஜெயிலுக்கு அனுப்புவதற்காக வாங்கப் போன பேப்பர். அதில் விஷம் என்ற வார்த்தையே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் வாயில் சேற்றைத் திணித்தபோது நான் நின்ற இடம் ஞாபகம் வந்தது.

மீதி ஐந்து ஆட்டுக்கும் புழு மருந்து கொடுத்தேன். பிறகு டாக்டர் சொன்ன அளவில் இரும்புச் சத்து. ஐந்தும் இன்று உயிரோடு இருக்கின்றன. சுவரை நக்குவதில்லை. வேலியைத் தாண்டுவதும் இல்லை.

பேப்பரோடு உன்னைத் தேடி வந்தேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடையில் இருந்தாய். ஞாபகம் இருக்கிறதா? உன் கூட நாலு பேர் இருந்தார்கள். பேப்பரை நீட்டினேன். நீ கையை நீட்டவில்லை.

"கிடாய எதுக்குப் பொதைக்கச் சொன்ன? மண்ணுல வெஷம்னு எதுக்குச் சொன்ன?"

"நான் எங்கக்கா சொன்னேன்? இருக்கலாம்னு சொன்னேன்."

"உன் வாயால அந்தாளுக்குக் கை போச்சு."

நீ டீயை வைத்துவிட்டுச் சிரித்தாய். "கைய ஒடச்சவ நீ. வீடியோவுல நான் இருக்கேனா? நீதான இருக்க. போய் ஆட்டுக்குட்டியப் பாருக்கா." கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

உன் பையைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்தேன். பாட்டில்கள் உருண்டன. குதிகாலால் ஒவ்வொன்றாக மிதித்தேன். டிகாக்‌ஷன் நிறம் ரோடெல்லாம் ஓடியது. கண்ணாடி செருப்பைக் கிழித்து உள்ளங்காலில் ஏறியது. நீ என் கழுத்தைப் பிடித்து டீக்கடைச் சுவரில் மோதினாய். நான் உன் முகத்தில் நகத்தை இறக்கினேன். இழுத்துப் பிரித்தார்கள். அன்றைக்கும் யாரோ படம் பிடித்தார்கள். "ஊசிக்காரரைத் தாக்கிய பெண்" என்று அதையும் அனுப்பினார்கள். உன் பக்கம்தான் நியாயம் என்று ஊர் பேசியது. அவசரத்துக்குக் கூப்பிட்டால் வருகிறவன் நீதானே.

பிறகு அந்த மனிதரின் ஊருக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் மனைவி விளக்குமாற்றை எடுத்தாள். முதுகில், தோளில், தலையில் அடித்தாள். நான் தடுக்கவில்லை. அவள் கை ஓய்ந்ததும் அவர் வெளியே வந்தார். நான் உடைத்த கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. பேப்பரை வாசித்துக் காட்டினேன். மன்னிப்பும் கேட்டேன்.

"மன்னிப்ப வெச்சிக்கிட்டு நான் என்னா பண்றது?" என்றார். தங்கச்சி என்று சொல்லவில்லை. "நாலு யூனிட்டுக்குப் போனேன். மொடமா இருந்தாலும் பரவால்ல, மில்லு ஓட்டத் தெரியுமேன்னு உள்ள கூப்புடுறாங்க. அப்பறம் ஒருத்தன் செல்லக் காட்டுறான். இவன்தான் அந்த வெஷம் வெச்சவன்னு சொல்றான். வெளிய போகச் சொல்றாங்க."

"நான் வந்து எல்லார்கிட்டயும் சொல்றேன்."

"நீ சொன்னா யாரு கேப்பா? அடிச்சிட்டு இப்ப கேஸுக்குப் பயந்து மாத்திப் பேசுறாம்பாங்க. உங்க ஜனம் அந்த ஊசிக்காரன் வாயத்தான் நம்புது. அவன் வாயால ஆரம்பிச்சுது. அவன் வாயால வரணும்."

அவர் சொன்னது சரி. நான் பேப்பரைப் பிடித்துக்கொண்டு, கையை உடைத்தது நான், அவர் மேல் தப்பில்லை என்று பேசி ஒரு வீடியோ போட்டேன். அவரை அடித்த வீடியோவை ஒரே நாளில் மங்கலம்பேட்டை வரைக்கும் அனுப்பியவர்கள், இதை ஒருத்தருக்கும் அனுப்பவில்லை. ஓனரிடம் போனேன். முடிந்துபோன விஷயத்தைக் கிளறாதே என்றார். என் வீட்டுக்காரர், "ஆடும் போச்சு, மானமும் போவணுமா?" என்று கேட்டு என்னை அறைந்தார். திருப்பி அறைந்தேன். கொழுந்தன் இப்போது எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. போலீஸில் எழுதிக் கொடுக்கத் தயார் என்று அந்த மனிதருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். எப்போது கூப்பிட்டாலும் வருவேன். எனக்கு என்ன கிடைக்க வேண்டுமோ அது கிடைக்கட்டும்.

ஆனால் உன் பதில் உன்னிடம்தான் இருக்கிறது. அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு அந்த மனிதரை நான் அழைத்து வருகிறேன். யூனிட் ஓனர்களையும் கூப்பிட்டிருக்கிறேன். நீயும் வா. அங்கே மைக் இருக்கும். கையில் பிடி. பன்றிக்குட்டி மருந்து என்று தெரிந்து போட்டாயா, தெரியாமல் போட்டாயா? நரம்பில் ஏறியது உனக்கு அப்போதே தெரியுமா? கிடாயை அறுத்துப் பார்க்கவிடாமல் ஏன் புதைக்க வைத்தாய்? அந்த மனிதர் விஷம் வைத்தார் என்று நீ ஒரு நிமிஷமாவது நம்பினாயா, இல்லை நீ ஊசியைப் பைக்குள் திணித்ததை நான் பார்த்துவிட்டேன் என்பதற்காகச் சொன்னாயா? போனில் சொல்லாதே, ஆள் விட்டுச் சொல்லாதே. ஊர் உட்கார்ந்திருக்கும்போது, அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்.